பதினேழால் பெருக்கு

செத்த மீனை எண்ணுவது என் வேலை.
விஸ்கான்சின் மாநிலம் சம்பளம் தருகிறது,
இடுப்புவரை ஏறும் ரப்பர் பூட்ஸும்
நனையாத காகிதமும் தருகிறது.

ஏப்ரல், காலை ஆறேகால்.
குவாம் பண்ணைக்குக் கீழே
ஹௌகென் ஓடை
கடுந்தேநீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
நுரை ஒதுங்கிய இடங்களில் வெள்ளை வயிறுகள்.

விதி எளிது.
முந்நூறு அடி நட, ஒன்றுவிடாமல் எண்ணு.
நாறும் தூரம் முழுவதையும் முந்நூறால் வகு.
மூக்கைப் பொத்திக்கொண்டு கீழ்ப்பாலம்வரை அளந்ததில்
வந்த எண் பதினேழு.
ஆக, என் கையில் ஒன்று செத்துக் கிடந்தால்
காகிதத்தில் பதினேழு சாகும்.

ட்ரவுட்டுக்கு விலை உண்டு, அங்குலக் கணக்கில்.
பொடிமீனுக்குச் சில்லறை உண்டு.
ஸ்கல்பின் என்று ஒன்று,
தவளைத் தலையும் மிளகாய் உடம்புமாய்.
கல்லுக்கடியில் பெட்டை முட்டையிட்டுப் போய்விட
அப்பன்தான் காவல் கிடப்பான்.
ஒரு கல்லைப் புரட்டினேன்.
முட்டைக்கொத்து கூரையில் ஒட்டியபடி இருந்தது.
அவன் கீழே,
விசிறிக்கொண்டிருந்த செட்டை விரிந்தபடியே
விறைத்திருந்தான்.
எட்டு சென்ட். பெருக்கல் பதினேழு.

முட்டைக்கு யாரும் விலை போடவில்லை.
மணலை எச்சில் பட்டால் கோத்து
நெல்லளவு குழல்வீடு கட்டும் புழுவுக்கும் இல்லை.
பாதி உடம்பு வாசலுக்கு வெளியே தொங்கியது,
ஒவ்வொரு வீட்டிலும்.
ஓடப் பார்த்திருக்கின்றன.
ஓடைக்குள்ளிருந்து எங்கே ஓட?

ஏழரைக்கு ஆர்லன் குவாம் வந்தார்,
கையில் தீவனம் அள்ளும் வாளியோடு.
வக்கீல் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன்.
"தொட்டி விளிம்பு தட்டிவிட்டது.
வியாழக்கிழமைதான் மழை என்றான் ரேடியோவில்.
செவ்வாய் சாயங்காலம் சாணிக்கரைசலை அடித்தேன்.
ராத்திரி ரெண்டு மணிக்குக் கூரைச் சத்தம் கேட்டு
எழுந்து உட்கார்ந்தவன்தான்.
மண்ணுக்கடியில் வடிகுழாய் என் அப்பா பதித்தது,
மக்காச்சோளக் கொல்லையில் தண்ணி நிற்கக் கூடாதென்று.
நல்லாத்தான் வேலை செய்யுது இன்னும்."

இடது கரை அவர், வலது கரை நான்.
இருபத்தொன்றுக்கு மேல்
அவர் சத்தமாய் எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.

இருநூற்றுச் சொச்சம் அடியில் ஒரு வளைவு.
சுண்ணாம்புப் பாறைக் கீறலிலிருந்து
மணிக்கட்டுத் தடிமனில் ஓர் ஊற்று வந்து விழுகிறது.
விழும் இடத்தில் முறத்தளவு தெளிவு.
அதற்குள் ட்ரவுட்டுகள்,
ஒன்றன்மேல் ஒன்றாய்,
மூக்கெல்லாம் ஊற்றைப் பார்க்க,
முதுகு பாதி வெளியே காய,
செவுள் திறந்து, மூடி, திறந்து.
பதினாலு. இல்லை, பதினைந்து.

ஆர்லன் தொப்பியைக் கழற்றினார். பிறகு
என்ன செய்வதென்று தெரியாமல்
திரும்பப் போட்டுக்கொண்டார்.
"இதையும் பெருக்குவீர்களா?"

உயிரோடிருப்பதைப் பெருக்க
விதி இல்லை.

அபராதத்தை ஒரே காசோலையில் கட்டிவிட்டாராம்.
ஆகஸ்டில் என்னை மறுபடி அனுப்பினார்கள்.
தண்ணீர் கண்ணாடி மாதிரி.
படம் பிடித்தால் வாழ்த்து அட்டைக்கு ஆகும்.
அதே கல்லைப் புரட்டினேன்.
சிவப்பாய், நூல்நூலாய்,
மூச்சற்ற சேற்றிலும் பிழைக்கத் தெரிந்த புழு.
கொசுவுக்குப் பங்காளி வகை.
ஒரு கல்லில் நாற்பது.
வேறெதுவும் இல்லை.

படிவத்தில் கேள்வி ஒன்றுதான்:
உயிரினம் திரும்பியதா?
எது என்று கேட்கவில்லை.
ஆம் என்று எழுதினேன்.

பிறகு கல்லை இருந்தபடியே கவிழ்த்து வைத்தேன்,
கூரைக்குக் கீழே
ஒரு விரல் நுழைய இடம் விட்டு.